படமாகாத இணைச்சீர்: ஒரே குடும்பத்தின் மூன்று திருமணங்களும் என் தொழிலும்

2003 ஆவணி மாதத்து முகூர்த்தம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு திருமண மண்டபம். அதிகாலை இணைச்சீர் என்ற சடங்கு முடிந்து மாப்பிள்ளையும் அவருடைய தங்கையும் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் கேமராவில் எண் 36-ஐத் தொட்டிருந்தது. அடுத்த ரோல் மாற்றுவதற்கு முன் வழக்கம்போல, பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தேன். ரோல் முடிந்திருந்தால் லீவர் இறுக வேண்டும். அது தடையில்லாமல் வந்தது. மறுபடி இழுத்தேன், வந்தது. ரீவைண்ட் குமிழைப் பார்த்தபடி மூன்றாவது முறை இழுத்தேன். குமிழ் சுற்றவே இல்லை.

பிலிம் கேமராவில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரோல் போடும்போது பிலிமின் நாக்கை எதிர்ப்பக்க உருளையின் பிளவில் செருகி, இரண்டு முறை லீவரை இழுத்து, ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். நாக்கு சிக்காமல் நழுவிவிட்டால் பிலிம் நகராது. ஆனால் ஷட்டர் சத்தம் கேட்கும், பிளாஷ் அடிக்கும், எண்ணும் ஏறிக்கொண்டே போகும். உள்ளே ஒரு படம்கூடத் தேறாது. அன்று நான் குமிழைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இணைச்சீர் முழுவதும் போய்விட்டது.

திருமணப் புகைப்படத் தொழிலில் எப்படி முன்னுக்கு வருவது என்று கேட்டு வரும் இளைஞர்களுக்கு நான் கேமராவைப் பற்றி முதலில் பேசுவதில்லை. இந்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். 2003, 2011, 2023 என மூன்று முறை அந்த வீட்டுத் திருமணங்களை நான் எடுத்தேன். முதல் திருமணத்திலேயே இவ்வளவு பெரிய தவறு செய்தவனை அவர்கள் ஏன் மறுபடி அழைத்தார்கள்? இருபது ஆண்டுத் தொழிலுக்கான விடை எனக்கு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

போனது என்ன

கொங்குப் பகுதித் திருமணத்தைப் பார்க்காதவர்களுக்கு அந்த இழப்பின் கனம் புரியாது. அங்கே திருமணத்தை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். சீர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும், மங்கல வாழ்த்துப் பாடப்படும். இணைச்சீர் என்பது மணமகனோடு அவருடைய உடன்பிறந்தவள் இணையாக நின்று ஏற்கும் சீர். தாலி கட்டும் நேரத்தில் அந்தத் தங்கை கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவாள். வரவேற்பில் பந்தி பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணன் திருமணத்தில் அவளுக்கென்று இருக்கும் இடம் இது ஒன்றுதான். அதைத்தான் நான் தொலைத்தேன்.

அந்தப் பெண் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். அரக்கு நிறம். வீடியோக்காரர் பிடித்திருந்த ஹாலஜன் விளக்கின் சூட்டில் நெற்றியெல்லாம் வியர்த்து, அப்பத்தா தன் முந்தானையால் ஒற்றி எடுத்தார். அந்த முந்தானை நெற்றியைத் தொட்ட கணத்தில் நான் பட்டனை அழுத்தியது இன்றும் விரலில் நினைவிருக்கிறது. எடுக்காமல் விட்ட படங்களை மறந்துவிடுகிறோம். எடுத்தும் கிடைக்காமல் போனதை மறக்க முடிவதில்லை.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை

இந்தக் கதையில் எனக்குச் சொல்லக் கடினமான பகுதி இது. குமிழ் சுற்றாததைக் கண்டபோது மணி ஐந்துகூட ஆகியிருக்காது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் புது ரோலைச் சரியாகப் போட்டேன், குமிழைப் பார்த்தேன், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போனேன். சொன்னால் கத்துவார்கள், மேடையில் அவமானப்படுத்துவார்கள், மீதிப் பணம் வராது என்று பயந்தேன். சொந்தமாக ஸ்டுடியோ தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பிரிண்ட் வந்தது. ஆல்பத்தில் ஒட்டும் வேலை முடிந்தது. மூன்று வாரம் கழித்து ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நெல்லும் மஞ்சளும் விளைவிக்கும் குடும்பம். திண்ணையில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். ஆல்பத்தைத் திறப்பதற்கு முன்பே சொன்னேன்: “ஐயா, இணைச்சீர் படம் ஒன்றுகூட இல்லை. ரோல் போட்டதில் என் தவறு. மீதிப் பணம் வேண்டாம்.”

அவர் கோபப்படவில்லை. சிறிது நேரம் ஆல்பத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “தம்பி, இது உங்களுக்கு எப்போது தெரியும்?”

“அன்றைக்குக் காலையிலேயே தெரியும் ஐயா.”

“அன்றைக்கே மண்டபத்தில் சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் மறுபடி நிறுத்தியிருப்போமே. கட்டின சேலை அப்படியே இருந்தது, மாலை வாடவில்லை, அருமைக்காரரும் அங்கேயேதான் இருந்தார். கைத்தவறு யாருக்கும் வரும். எங்களுக்கு இருந்த வழியையும் நீங்கள் அடைத்துவிட்டீர்களே.”

எழுந்து உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து, ஒரு ரோலுக்கு உண்டான தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் எண்ணிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். “மற்ற வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்” என்றார். கதவோரம் நின்றிருந்த அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். எனக்கு அவர் சொன்னதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

தவறுகளை நான் அன்றிலிருந்து இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். கருவி செய்வது ஒரு வகை, அதை மறைத்து நாம் செய்வது இன்னொரு வகை. முதலாவதுக்குத் திருமண வீட்டில் கிட்டத்தட்ட எப்போதும் மாற்று வழி இருக்கிறது. உறவினர்கள் அங்கேயே இருக்கிறார்கள், உடுப்பு மாறவில்லை, பூ வாடவில்லை. அந்த ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் உலகத்தில் எந்தக் கேமராவும் உதவாது.

அதன் பிறகு என்ன மாற்றினேன்

ரோல் போட்டதும் குமிழைப் பார்ப்பது மட்டும் போதாது என்று முடிவு செய்தேன். முக்கியச் சடங்கு எதுவாக இருந்தாலும் இரண்டு கேமராவில் எடுக்க வேண்டும். இரண்டாவது கேமரா வாங்க வசதி இல்லாதபோது வேறு ஸ்டுடியோ நண்பரிடம் வாடகைக்கு எடுத்தேன். லாபம் குறைந்தது, தூக்கம் வந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் சடங்குகளைப் படிக்கத் தொடங்கியது. திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்தச் சீர் எப்போது, யார் யாருக்கு என்ன உறவு என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். தாய்மாமன் யார், இணைச்சீருக்கு நிற்பவர் யார், சில வீடுகளில் மூன்றாம் முடிச்சுப் போடும் நாத்தனார் யார், நடக்க முடியாத பாட்டி எந்த நாற்காலியில் இருப்பார். மண்டபத்தில் கூட்டத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒவ்வொரு வீட்டிலும் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதும்போது பெரியவர்களின் முகங்களைப் பார்க்க வேண்டும். மணமகள் அணியும் தாலி மாலையான கழுத்துருவின் வேலைப்பாடு தெரிய நெருங்கிய படம் ஒன்றாவது வேண்டும். பிராமணர் வீட்டில் காசி யாத்திரையில் குடையும் கைத்தடியுமாக மாப்பிள்ளை கிளம்ப, மாமனார் தடுத்து அழைக்கும் சிரிப்பு சில நொடிதான் நிற்கும். நிக்காஹ்வில் மணமகளிடம் சம்மதம் கேட்கும் நேரத்தை எடுக்கப் பெண் புகைப்படக்காரர் இருந்தாக வேண்டும். என் குழுவில் பெண்கள் சேர்ந்ததே அதனால்தான். சேர்ந்த பிறகு மணமகள் அறையிலிருந்து வரும் படங்களின் தரமே மாறியது. சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் ஏற்றுக்கொண்ட முறை அது. தலைமை தாங்குபவர் பேசி முடித்ததும் உறுதிமொழி, மாலை என்று கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பேச்சின் கடைசி வாக்கியம் வரும்போது கேமரா கண்ணில் இருக்க வேண்டும்.

2011: தங்கையின் திருமணம்

எட்டு ஆண்டு கழித்து அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. அன்று கதவோரம் நின்ற பெண்ணுக்கே திருமணம். என்னால் உடனே பதில் பேச முடியவில்லை. பிறகு ஒரு நாள் அவருடைய அப்பாவிடம் நேராகவே கேட்டேன், என்னை எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று. “நீங்கள் சொல்லாமல் ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். படம் கெட்டுவிட்டது என்று லேப் மேல் பழி போட்டிருக்கலாம். வீடு தேடி வந்து என் தவறு என்றீர்கள். தாமதமாகச் சொன்னீர்கள், ஆனால் சொன்னீர்கள்” என்றார்.

அதற்குள் தொழிலே வேறாகியிருந்தது. பிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. ஒட்டும் ஆல்பம் போய், இரண்டு பக்கத்துக்கும் ஒரே படமாக விரியும் 12க்கு 36 அங்குல கரிஷ்மா ஆல்பம் வந்துவிட்டது. 2008-இல் வெளியான கேனன் 5டி மார்க் 2, புகைப்படக் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்க வழி செய்தது. அதன் பிறகு திருமண வீடியோவின் முகமே மாறிப்போனது. எங்கும் ‘கேண்டிட்’ என்ற சொல், அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது.

அந்தப் பாணி இங்கே பிறந்ததல்ல. அமெரிக்காவில் டெனிஸ் ரெஜி போன்றவர்கள் செய்தி எடுப்பவரின் கண்ணோடு திருமணத்தை எடுத்தார்கள். 1996 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் கம்பர்லண்ட் தீவில் முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் திருமணம் ஊருக்குத் தெரியாமல் நடந்தது. சிறிய தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது அவர் மணமகளின் கையை எடுத்து முத்தமிடும் படம் ரெஜி எடுத்தது. யாரும் நில்லுங்கள், திரும்புங்கள் என்று சொல்லாமல் கிடைத்த படம் அது. உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தது.

ஆனாலும் நம் மண்டபத்துக்கு அது மட்டும் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விடியற்காலை பஸ் பிடித்து வந்து, மொய் எழுதிவிட்டு, வரிசையில் நின்று மேடை ஏறும் பெரியம்மாவுக்கு ஒரு நேரான படம் வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், சேலை தெரிய வேண்டும். மேடையில் நின்று அதை எடுப்பவரை ‘டிரெடிஷனல்’ என்று இளக்காரமாகப் பேசும் கேண்டிட் கலைஞர்களைப் பார்த்திருக்கிறேன். ஆல்பத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பவர்கள் அந்தப் பெரியம்மாக்கள்தான். 2011 திருமணத்துக்கு வேலையை இரண்டு பேருக்குப் பிரித்தேன். மேடைக்கு ஒருவர், கூட்டத்துக்குள் நான்.

மணமகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “அண்ணா, என் நிறத்தை மாற்றாதீர்கள்.” அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய தோழியின் ஆல்பத்தில் முகம் மாவு பூசியதுபோல வெளுத்து, கழுத்தும் கையும் வேறு நிறத்தில் இருந்ததாம். கணினியில் வெளுப்பாக்குவதை நானும் அதுவரை செய்துகொண்டிருந்தேன், கேட்காமலேயே. அன்றோடு நிறுத்தினேன். பருவும் வியர்வையும் ஒரு நாளில் போகிறவை, அவற்றை எடுக்கலாம். நிறம் அவருடையது. இதனால் போன வாடிக்கையாளர்கள் உண்டு. அதற்காக வருந்தியதில்லை.

வரவேற்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு மெமரி கார்டு திடீரென்று படிக்க மறுத்தது. திரையில் பிழைச் செய்தி வந்தது. அரை மணி நேரப் படங்கள் அதில் இருந்தன. இந்த முறை நான் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. மேடைக்குப் பின்னால் போய் அப்பாவை அழைத்துச் சொன்னேன். யார் யார் அந்த நேரத்தில் மேடை ஏறினார்கள் என்று உதவியாளர் நினைவிலிருந்து எழுதித் தந்தார். பந்தியில் இருந்தவர்களை இலையிலிருந்து எழுப்பாமல், சாப்பிட்டு வந்ததும் மறுபடி மேடைக்கு அழைத்தோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கார்டிலிருந்து பிற்பாடு பெரும்பாலான படங்களை மீட்டுவிட்டோம் என்பது வேறு விஷயம். மீட்க முடியும் என்று அன்று இரவு எனக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் எழுதும் கேமராக்களுக்கு மாறியது அதற்குப் பின்தான். இன்று ஒற்றைக் கார்டு கேமராவோடு என் குழுவில் யாரும் முகூர்த்தத்துக்குப் போவதில்லை.

பணமும் பஞ்சாங்கமும்

இந்தத் தொழிலின் வரவைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் வேலை ஏறக்குறைய இல்லை. ஆவணியிலும் தையிலும் ஒரே வளர்பிறை முகூர்த்தத்துக்கு நான்கு வீட்டிலிருந்து அழைப்பு வரும், நான்கும் ஒரே நேரம். பேராசையில் இரண்டை ஒப்புக்கொண்டு, ஒன்றுக்கு முன்பின் தெரியாத ஆளை அனுப்பிப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். நான் அனுப்பும் ஆள் யார் என்று முன்பே சொல்லி, அவர் எடுத்த ஆல்பத்தைக் காட்டிய பிறகே ஒப்புக்கொள்கிறேன். வரும் பணத்தில் வறண்ட மாதங்களுக்கு என்று தனியாக எடுத்து வைக்காத ஸ்டுடியோ, லென்ஸ் தவணை கட்ட வட்டிக்கு வாங்கும்.

பணம் சிக்கிக்கொள்ளும் இடம் படத் தேர்வு. ஆயிரக்கணக்கான படங்களை பென் டிரைவில் கொடுத்து ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுங்கள் என்றால் குடும்பத்தால் முடியாது. மணமக்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். மாதங்கள் ஓடும், மீதித் தொகை நிற்கும். கடைசியில் ஆல்பம் தரவில்லை என்ற கெட்ட பெயர் நமக்கு வந்து சேரும். அதற்கு நான் கண்ட வழி, திருமணம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் மடிக்கணினியோடு அவர்கள் வீட்டுக்கே போய், முன்பே வடிகட்டிய படங்களை வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் முடிப்பது. அம்மா ஒரு படத்தைப் பார்த்து அழுவார், மாமா தன் படம் இல்லை என்பார். இரண்டும் நமக்குத் தெரிய வேண்டியவை. தொகையை மூன்றாகப் பிரித்து, பதிவு செய்யும்போது ஒன்று, திருமணத்துக்கு முன் ஒன்று, ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் கடைசி என்று எழுதியே வாங்குகிறேன்.

எழுத்தில் இன்னொன்றும் இருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். நாம் எடுத்த படம்தானே என்று மணமகள் படத்தைக் கடை வாசலில் பெரிதாக மாட்டுவது சட்டப்படியும் தவறு, முறைப்படியும் தவறு. மாதிரிக்குக் காட்டலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறேன். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் 18 சதவீத வரியும் உண்டு. விலை பேசும்போதே அதைச் சொல்லாதவர்கள் கடைசியில் தங்கள் லாபத்திலிருந்து கட்டுகிறார்கள்.

2020 மார்ச் 25 ஊரடங்கு தொடங்கியபோது என் கையில் பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களின் முன்பணம் இருந்தது. ஐம்பது பேருக்குள் வீட்டு வாசலில் நடந்த திருமணங்களுக்கு நான் ஒருவனாகப் போனேன். தேதி தள்ளியவர்களுக்குக் கூடுதல் பணம் கேட்கவில்லை, ரத்து செய்தவர்களுக்கு முன்பணத்தைத் தவணையாகத் திருப்பினேன். கடினமான ஆண்டு. திருப்பி வாங்கிய வீடுகளிலிருந்து பிறகு வந்த அழைப்புகள்தான் என்னைத் தூக்கி நிறுத்தின.

2023

அந்த வீட்டின் கடைசி மகன். 2003-இல் ஐந்தாம் வகுப்புப் பையனாக மண்டபத்தில் நாற்காலிகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தவர். இணைச்சீருக்கு நிற்பது அதே அக்கா, இப்போது இரண்டு குழந்தைகளின் தாய். அப்பத்தா இல்லை. பேசும்போது யாரும் 2003-ஐப் பற்றி வாயெடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஐந்து பேர் குழு, எல்லாக் கேமராவிலும் இரண்டிரண்டு கார்டு. இணைச்சீருக்கு மட்டும் மூன்று கோணம் வைத்தேன்.

அதிகாலையில் அக்காவும் தம்பியும் இணையாக நின்றார்கள். விருந்தினர் சிலர் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தபோது, ஒரு நிமிடம் வழிவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அக்காவின் நெற்றியில் வியர்த்திருந்தது. அவருடைய மகள், ஏழெட்டு வயது இருக்கும், யாரும் சொல்லாமல் எட்டி நின்று தன் கைக்குட்டையால் துடைத்தாள். எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. பின்திரையில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன். பிறகு இரண்டாவது கார்டுக்கு மாற்றி அதே படத்தை மறுபடி காட்டினேன். தலையை அசைத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனார்.